உப்பு மூட்டை எழுந்து நிற்காது

மார்ச் 3

இன்றிலிருந்து என் புருஷனோடு எனக்குப் பேச்சு இல்லை. தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நான்தான் முதலில் ஆரம்பித்தேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

காலையில் கூட்டம். முதலாளி நந்தகோபால் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். பம்ப் செட் விற்ற குடும்பம், இப்போது கடல்மேல் ஆசை வந்திருக்கிறது. அந்த ஆசைக்குப் பெயர் ஆலா. கடலை ஒட்டித் தாழப் பறக்கும் பறவையின் பெயர், வைத்தது நான்தான். ஆலா படகும் இல்லை, விமானமும் இல்லை. தண்ணீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே, இறக்கைக்கும் கடலுக்கும் நடுவில் அமுங்குகிற காற்றின் மேல் ஓடும். இருபது பேரைத் தூத்துக்குடியில் ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள் கன்னியாகுமரியில் இறக்க வேண்டும், அதுதான் திட்டம். பெங்களூரில் ஆளில்லா விமானம் செய்துகொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நான் ஊர் திரும்பியது இதற்காகத்தான். இங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பு நான்.

"மேடம், இருபத்தேழாந் தேதி வெள்ளோட்டம் வச்சுக்கலாமுங்க. பணம் போடறவங்க வர்றாங்க. ஆளுங்களை ஏத்தி ஓட்டிக் காட்டோணும்" என்றார் நந்தகோபால்.

இதுவரை ஒரு மனிதரைக்கூட இருக்கையில் வைத்து ஓட்டிப் பார்த்ததில்லை. அடுத்த ஜனவரி வரை எனக்கு நேரம் வேண்டும் என்றேன். அவர் என்னைத் தாண்டி ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் என்பது கேப்டன் தனிஸ்லாஸ் அவர்கள். கடலோரக் காவல் படையில், காற்று மெத்தையில் ஓடும் ஹோவர்கிராஃப்ட் படகு ஓட்டியவர். எனக்குத் தாலி கட்டியவர்.

"எங் கையில வண்டி நல்லாத்தான் நிக்கி சார். இவ கணக்குப் போட்டு முடிக்கதுக்குள்ள கடல் வத்திரும்" என்றார் கேப்டன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதில் அவர் சிரிப்புதான் பெரிது. பதினாறு பேர் முன்னால். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "என்னட்டி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டார். அதற்கும் பதில் சொல்லவில்லை, எதற்கும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 4

பேசவில்லை. குழாயில் தண்ணீரும் வரவில்லை.

மார்ச் 6

வீட்டில் இப்போது எல்லாப் பேச்சும் மாமி வழியாகத்தான். மாமி என்றால் அவருடைய அம்மா, லூர்தம்மாள். தபால்காரர் வேலை.

"மாமி, சாப்பாடு மேசையில இருக்குன்னு சொல்லிருங்க" என்று நான் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். கேப்டன் நான் சொல்வது கேட்கும் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"எம்மா, ரசத்துல உப்பு இல்லன்னு சொல்லு" என்கிறார் அவர்.

"ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் தாங்க. அப்பதான் சொல்லுவேன்" என்கிறார் மாமி. ஆனால் சொல்லிவிடுவார், கொஞ்சம் மசாலாவும் தன் கணக்கில் சேர்த்து. ரசத்தில் உப்பு இல்லை என்றது என்னிடம் வரும்போது, 'அவளுக்கு இப்ப வீட்டு மேல நெனப்பே இல்ல' என்று வருகிறது.

வேலையிலும் இதே கதைதான். ஆலா ஓடும்போது கரையில் கன்டெய்னர் அறையில் திரை முன் உட்கார்ந்து ரேடியோவில் பேசுவது என் வேலை. இப்போது மைக்கை மெக்கானிக் சுடலையண்ணனிடம் கொடுத்துவிட்டேன். நான் அவரிடம் சொல்வேன், அவர் ரேடியோவில் சொல்வார்.

"கேப்டன், வேகத்தக் கொறைக்கச் சொல்லுதாவ மேடம்."

"எதுக்குன்னு கேளுங்க அண்ணாச்சி."

"எதுக்குன்னு கேக்காவ, மேடம்."

சுடலையண்ணனுக்கு மகள் கல்யாண வேலை தலைக்கு மேலே கிடக்கிறது. பாவம், எங்களுக்கு நடுவில் வேறு வந்து மாட்டிக்கொண்டார்.

மார்ச் 9

முழு எடையோடு இன்று ஓட்டம். இருபது இருக்கையிலும் ஆளுக்குப் பதிலாக உப்பு மூட்டை. தூத்துக்குடிக்காரர்கள் எடைக்கு வேறு எதைத் தேடிப் போவார்கள்? உப்பளத்திலிருந்து ஒரு டெம்போவில் வந்து இறங்கியது. பையன்கள் மூட்டைகளை உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, முன்வரிசை மூட்டைக்கு முதலாளி என்று பெயரும் வைத்தார்கள். அதற்கு மட்டும் ஒரு துண்டு போர்த்தினார்கள்.

ஆலா எழுந்தது. நுரையை உதறிவிட்டு, சத்தம் மாறி, அப்படியே மேலே நின்றது. திரையில் சாய்வு ஒன்று, ஒன்றரை, திரும்பும்போது மூன்று. அதைத் தாண்டவே இல்லை. மணப்பாடு வரை போய்த் திரும்பியது. நான் மேசையைத் தட்டினேனாம், சுடலையண்ணன் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. என் கையால் போட்ட இறக்கை. கரைக்கு வந்ததும் ஓட்டுநர் அறை ஜன்னலிலிருந்து அவர் கன்டெய்னர் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். சுடலையண்ணனுக்காக இருக்கும். நான் திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மார்ச் 12

கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பறக்கிற சாமானுக்கு அனுமதி எங்களிடம் இல்லை, விமானக்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். விமானக்காரர்களைக் கேட்டேன். தண்ணீரை விட்டு மேலே போகாத சாமானை நாங்கள் பார்ப்பதில்லை, கப்பல்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். காலை முழுவதும் இதுதான். கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு, "பயணிகள்னு சொல்லி ஏத்தாதீங்கம்மா, அவ்வளவுதான்" என்றார்.

நந்தகோபாலுக்கு அது போதும். "பயணிங்க யாருங்க? நம்ம ஊழியர் குடும்பம்தானுங்க. பயணமில்லீங்க மேடம், வெள்ளோட்டம்."

இவரை என்ன செய்வது? புதுப் படகைக் கடலில் இறக்கினால் முதல் ஓட்டத்தில் செய்தவன் வீட்டு ஆட்கள் எல்லாம் ஏறுவது இந்தக் கரையின் வழக்கம். ஏற்றாவிட்டால் அவமரியாதை என்பார்கள். அந்த வழக்கத்தைக் கோயம்புத்தூர்க்காரர் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு, அதிலேயே சட்டத்தில் ஒரு ஓட்டையும் கண்டுபிடித்துவிட்டார்.

மார்ச் 15

தவக்காலத்தில் மணப்பாட்டுக்குப் போய்வருவதாக மாமிக்கு நேர்ச்சை. ஞாயிற்றுக்கிழமை. கேப்டன் அவர்கள் வரவில்லை, நான்தான் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் நிற்க இடமில்லை. என் இடுப்பில் யாருடைய குடையோ குத்திக்கொண்டே வந்தது. வெயில், வியர்வை, அதற்கு மேல் ஓட்டுநரின் பாட்டு. யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருந்தது.

திருச்செந்தூர் நெருங்கியது. தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் "முருகா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவர்கள் பாதி எழுந்தார்கள், நின்றவர்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு ஆள் என் மேலேயே விழுந்து என் தலைக்கு மேல் கும்பிட்டார். பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, கிறீச்சென்று சத்தம் போட்டு, மெதுவாக நிமிர்ந்தது. ஓட்டுநர் இதற்கென்றே வேகத்தைக் குறைத்திருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கப்புறம் மணப்பாடு. குன்றின் மேல் கோயில் தெரிந்ததும் முழங்கால் வலிக்காரியான என் மாமி எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "உக்காருங்க மாமி, விழுந்துருவீய" என்றேன்.

"ஆண்டவர் முன்னால உக்காந்துகிட்டா கும்பிடுவாவ?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆலா தெற்கே போகும்போது திருச்செந்தூரும் வலது பக்கம், மணப்பாடும் வலது பக்கம். இந்துவோ கிறிஸ்தவனோ, இந்தக் கரையின் ஆட்கள் இருபது பேர் ஏறினால் இருபது பேரும் வலது பக்கம் எழுந்து நிற்பார்கள். நான் வைத்து ஓட்டியது உப்பு மூட்டைகளை. உப்பு மூட்டை எழுந்து நிற்காது, கும்பிடாது.

நான் இந்த ஊரில் பிறந்தவள். கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் ஒரு பஸ்ஸில் போனதில்லை. எப்படி இது என் மண்டையில் ஏறவில்லை? கோயிலில் மாமி மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்று கணக்குப் போட்டேன்.

மார்ச் 16

நந்தகோபாலிடம் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், பஸ்ஸுல நிக்கறவங்க நம்ம வண்டியில நிப்பாங்களா? பெல்ட் இருக்குதில்லீங்க?"

"சாமி தெரிஞ்சா பெல்ட்ட கழத்திருவாங்க சார். எங்க ஆளுகள எனக்குத் தெரியும்."

"அறிவிப்புப் பண்ணிரலாமுங்க."

அப்படியானால் கரையை விட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளி ஓட்டுங்கள், கோபுரமும் தெரியாது, கோயிலும் தெரியாது என்றேன். நல்ல யோசனைதான். ஒரு பைசா செலவில்லை. அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கோபுரத்தைக் கடல்ல இருந்து பாக்கறதுதானுங்க டிக்கெட்டே. அது தெரியாட்டி எவன் வருவான்?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தேன். நாற்காலி விழுந்துவிட்டது. எடுத்து வைக்கவில்லை.

மார்ச் 18

துறைமுகத்து அமைதித் தண்ணீரில் ஆலாவைக் கட்டி வைத்து இருபது தொழிலாளிகளை உட்கார வைத்தேன். பிறகு எல்லோரையும் எழுந்து வலது ஜன்னல் பக்கம் போகச் சொன்னேன். "மேடம், எந்தச் சாமிக்கு?" என்று ஒருவன் கேட்டான். சிரிப்பு. அளந்தேன், பறக்கும் நிலைக்கு மாற்றிக் கணக்கிட்டேன்.

ஆலா சாயும்போது தாழ்கிற இறக்கையை அமுங்கிய காற்றே தூக்கி நிமிர்த்திவிடும். அதன் அழகே அதுதான். ஆனால் ஏழு டிகிரி வரைதான். ஏழைத் தாண்டினால் நுனி அலையைத் தொடும். அந்த வேகத்தில் நுனி தொட்டால் வண்டி உருளும். உருண்டால் யாரையும் உயிரோடு எடுக்க முடியாது. ஆட்கள் எழுந்து நின்றால் சாய்வு ஆறிலிருந்து எட்டுக்குள் வரும் என்கிறது கணக்கு.

"ஆறுன்னா ஒண்ணுமில்லீங்களே" என்றார் நந்தகோபால். எட்டு என்ற எண் அவர் காதில் விழவே இல்லை.

மார்ச் 20

வேலையை விடுகிறேன் என்றேன். "உங்க இஷ்டமுங்க மேடம். திரையைப் பாக்கறதுக்குப் புனேயில இருந்து ஒருத்தனைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

அந்தப் புனேக்காரனுக்கு இந்தக் கடலைத் தெரியுமா, ஆலாவைத் தெரியுமா? இருக்கிறேன். ஆலாவுக்காக மட்டும்தான் இருக்கிறேன், வேறு யாருக்காகவும் இல்லை.

மார்ச் 22

மாமியும் வெள்ளோட்டத்தில் ஏறுகிறாராம். புதுச்சேலை எடுத்தாகிவிட்டது, கரும்பச்சை. நான் வேண்டாம் என்றேன். ஓட்டுகிறது என் மகன், செய்தது என் மருமகள், நான் ஏறாமல் வேறு எவள் ஏறுவாள் என்று கேட்டார்.

வேறு வழியில்லாமல் மாமியிடமே சொல்லி அனுப்பினேன். "மணப்பாட்டுக்கிட்ட எல்லாரும் எந்திரிப்பாவ, வண்டி சாயும், முடியாதுன்னு அவர சொல்லச் சொல்லுங்க."

மாமி அடுக்களையிலிருந்து கூடத்துக்குப் போய், "ஒம் பொண்டாட்டி ஓட்டாண்டாங்கா" என்றார். மூன்று வாக்கியம் மூன்று சொல்லாகிவிட்டது.

அவர், "வண்டி சாயும்னு நந்தகோபால் சார் ஏற்கெனவே சொல்லிட்டாரு. நான் ஓட்டலன்னா வேற எவனையாவது ஏத்துவாரு. அவன் இவ செஞ்ச வண்டிய ஒடைப்பான். நான் பாத்துக்கிடுவேன்னு சொல்லும்மா" என்றார்.

எல்லாம் என் காதிலேயே விழுந்தது. மாமி திரும்பி வந்து, "பாத்துக்கிடுவானாம்" என்றார்.

பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டு உடைந்தது. அதுவாக விழவில்லை.

மார்ச் 26

நாளை. கேப்டனின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். வருகிறவர்கள் முன்னால் கம்பெனி மானம் போகக் கூடாது. ஓட்டுநர் இருக்கை பெல்ட்டைச் சாயங்காலம் நானே போய் இழுத்துப் பார்த்தேன். தையல் ஒரு இடத்தில் லேசாக விட்டிருந்தது, மாற்றச் சொன்னேன். இருபது பயணி பெல்ட்டையும் பார்த்திருக்க வேண்டும், நேரம் கிடைக்கவில்லை.

சாப்பிடும்போது அவர், "அம்மா, ரசம் நல்லாருக்குன்னு சொல்லு" என்றார். மாமி சொல்லவில்லை. "வாய் இருக்குல்லா, நீயே சொல்லேன்" என்று எழுந்து போய்விட்டார். இருவரும் குனிந்து சாப்பிட்டு முடித்தோம்.

மார்ச் 27

ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுதி வைக்க வேண்டும்.

பந்தல், நாதஸ்வரம், ஃபாதர் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார், குருக்கள் வந்து தேங்காய் உடைத்தார். இருபது பேர் ஏறினார்கள். பணம் போடுகிறவர்கள் இரண்டு பேர், மீதி எல்லாம் எங்கள் ஆட்களின் குடும்பம். கரும்பச்சைச் சேலையில் மாமி, வலது ஜன்னல் ஓரம். ஏறும்போது எனக்குக் கையாட்டினார். நந்தகோபால் ஏறவில்லை. கரையில் நின்று வீடியோ எடுக்க வேண்டுமாம்.

நான் திரையில். சுடலையண்ணன் மைக்கில். ஆலா எழுந்தது.

திருச்செந்தூரில் சாய்வு நான்கு. அறிவிப்பு ஒழுங்காக வேலை செய்தது. பெல்ட்டோடு சாய்ந்து கும்பிட்டிருப்பார்கள். நந்தகோபால் கன்டெய்னர் வாசலுக்கு வந்து, "பாத்தீங்களா மேடம்?" என்றார். நானும்கூட ஒரு நிமிஷம் மூச்சு விட்டேன்.

மணப்பாட்டு முனையைச் சுற்றி எப்போதும் அலை பெரிது. உயரம் ஒன்றரையிலிருந்து குறைந்தது. சாய்வு மூன்று. நான்கு. எழுந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. இங்கே கன்டெய்னரில் உட்கார்ந்தபடியே மனக்கண்ணில் பார்த்தேன், மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதை. சுடலையண்ணன், "கேப்டன், சாயுது, நிமுத்துங்க" என்றார். "நிமுத்துதேன், நிமுத்துதேன்" என்று அவர் குரல். அந்தக் குரலில் ஒரு இழுப்பு இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த இழுப்பை நான் கேட்டதில்லை.

சாய்வு ஐந்து என்று பார்த்தேன். அடுத்து மைக் என் கையில் இருந்தது.

"தனிசு! எறக்கு! எறக்கிரு தனிசு!"

அதே நொடியில் இன்ஜின் சத்தம் செத்தது. பிறகு ரேடியோவில் உலோகம் கிழிகிற சத்தமும் ஜனங்களின் கூக்குரலும் வந்தன. திரை கருப்பாகிவிட்டது.

மணப்பாட்டு ஃபைபர் படகுக்காரர்கள் உடனே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை. இதை இன்னொரு தடவை எழுதுகிறேன். யாரும் சாகவில்லை. பதினோரு பேருக்கு அடி. மாமிக்கு மணிக்கட்டு முறிந்தது. அவருக்குக் காறை எலும்பு. வேகத்தோடு தண்ணீரில் விழுந்ததில் ஆலாவின் வால் முறிந்து, வலது இறக்கை பிய்ந்து, சாயங்காலத்துக்குள் மூழ்கிவிட்டது.

மார்ச் 29

ஆஸ்பத்திரி. மாமி கட்டுப் போட்ட கையோடு எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நான் மட்டுமா எந்திச்சேன்? எல்லாரும்தான் எந்திச்சாவ. பணக்கார ஐயா ரெண்டு பேரும் எந்திச்சாவ, என்னத்துக்குன்னே தெரியாம!"

கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

வராந்தாவில் நந்தகோபால் பிடித்துக்கொண்டார். "ஓட்டறவரு நிமுத்திட்டு இருந்தாருங்க. ரெண்டு செகண்டு விட்டிருந்தா வண்டி நின்னிருக்கும். நீங்க கத்தி, அவரு எறக்கி, எல்லாம் போச்சுங்க. அந்த நேரத்துல இன்ஜினியரா பேசலீங்க மேடம். பொண்டாட்டியா பேசிட்டீங்க."

"சாய்வு ஏழத் தொட்டாச்சு சார். நான் பாத்தேன். ஏழு!" என்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். என்னைத்தான், அவரை இல்லை.

பொண்டாட்டியாகப் பேசினேனாம். ஆறு வருடம் நான் இன்ஜினியராகப் பேசியதில் ஒரு சொல்லையாவது இந்த ஆள் கேட்டிருக்கிறாரா? எட்டு கிலோமீட்டர் தள்ளி ஓட்டு என்றது இன்ஜினியர்தானே? ஜனவரி வரை பொறு என்றது யார்? வீடியோ எடுக்கக் கரையில் நின்றவன் எனக்குப் புத்தி சொல்கிறான்.

ஏப்ரல் 3

ஆலாவை இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள். சாய்வையும் வேகத்தையும் குறித்துவைக்கும் பதிவுப் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் போய் ஒன்றும் மிஞ்சவில்லை. கரைத் திரையில் ஓடுவதைப் பதிவு செய்ய ஒரு கருவி வாங்கிக் கொடு என்று நான் எத்தனை முறை கேட்டேன்! ஆகவே சாய்வு எவ்வளவு என்பதற்கு இனி என் வாய் மட்டும்தான் சாட்சி. சுடலையண்ணன் அப்போது கண்ணை மூடி இசக்கியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே நான் வைத்த குறுக்குச் சட்டம் ஒன்றுகூட முறியவில்லை. நல்ல வண்டி. நாசமாய்ப் போனவர்கள்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் பேசவில்லை. ரேடியோவில் கத்தியது கணக்கில் சேராது.

ஏப்ரல் 9

விசாரணை. ஒரு நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். முதலில் என்னை விசாரித்தார்கள். சாய்வு எவ்வளவு என்றார்கள்.

"எட்டு" என்றேன்.

"வேறு யாராவது ஓட்டியிருந்தாலும் அதே நொடியில் இறக்கச் சொல்லியிருப்பீர்களா?"

"சொல்லியிருப்பேன்."

நந்தகோபால் பெருமூச்சு விட்டார். அடுத்து கேப்டனைக் கூப்பிட்டார்கள். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"நிமிர்த்தியிருக்க முடியுமா?"

"தெரியாது சார். முடியும்னு நெனச்சுத்தான் புடிச்சிருந்தேன்."

"பிறகு ஏன் இறக்கினீர்கள்? வண்டி ஓடும்போது முடிவு ஓட்டுநருடையது அல்லவா?"

"வேற யாரு சொல்லியிருந்தாலும் எறக்கியிருக்க மாட்டேன் சார். எங்கிட்ட மூணு வாரமா ஒரு வார்த்த பேசாதவ. பேசுனா சும்மா பேச மாட்டா."

மூவரும் எழுதிக்கொண்டார்கள். ஆட்கள் எழுந்து நிற்காதபடி இருக்கையும் வழியும் மாறும்வரை ஆலாவில் யாரையும் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் சொன்ன எட்டை வைத்துத்தான் அந்த முடிவு. பணம் போட இனி யாரும் வர மாட்டார்கள். நந்தகோபால் நேரே கோயம்புத்தூர் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அடங்கவில்லை எனக்கு. "மூணு வாரமாப் பேசலன்னு ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுதுல்லா? வீட்டுல வந்து, ஏட்டி, அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சிரிச்சது தப்புன்னு சொல்ல வாய் வரலையோ? ஒங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன செய்வேன்னு ஒருநாளாவது நெனச்சியளா?" இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். மாமி நைசாக அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "நெசமா எத்தன டிகிரிட்டி?" என்றார்.

பொய் வரவில்லை. "அஞ்சு பாத்தேன். அதுக்கு மேல பாக்கல" என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கல்யாணமாயி இத்தன வருசத்துல நீ என்னைய பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. ரேடியோவுல ஆலாம்ப, இல்லன்னா கேப்டம்ப. அன்னிக்குத் தனிசுன்ன. திரையில நம்பரப் பாத்துக்கிட்டிருந்தா அப்படிக் கூப்ட்டிருக்க மாட்ட."

"தெரிஞ்சும் எதுக்கு எறக்குனிய? என் வண்டிய எதுக்கு ஒடச்சிய?"

"நீ கோவப்பட்டுத்தான் நான் பாத்திருக்கேன்" என்றார். "பயந்து அன்னிக்குத்தான் கேட்டேன்."